பக்கம் வந்தாச்சா?
ஆப்புக்குள் குடியிருக்கும் பிரவுசரும் அது கொடுக்கும் குரல்களும்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். கவிதைக்கு மெக்கானிக்கல் இருக்கிறது, சிரிப்புத் துணுக்குக்கு சிவில் இருக்கிறது, நமக்கு என்ன வந்தது என்று நினைப்பு. ஆனா இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஆறு மாதம் ஒரே ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியதில், அதைப் பற்றி நாலு பக்கம் எழுதும் அளவுக்கு விஷயம் சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்வி இதுதான்: "பக்கம் வந்தாச்சா?"

கேட்கச் சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

முதலில் எந்தப் பக்கம், எங்கே வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். செல்போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்திருக்கிறீர்கள். 'விதிமுறைகள்' என்றோ 'பணம் செலுத்து' என்றோ ஒரு பட்டனைத் தட்டுகிறீர்கள். குரோமுக்குப் போகாமல், அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு இணையப் பக்கம் திறக்கிறது. அதைத் திறந்து காட்டுவது ஆப்புக்குள் பதிக்கப்பட்ட ஒரு குட்டி பிரவுசர். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் வெப்வியூ. 2008-ல் ஆண்ட்ராய்டு பிறந்தபோதே இதுவும் கூடப் பிறந்தது. 2013-ல் வந்த 4.4 பதிப்பில் இதன் உள் எஞ்சினைக் கழற்றிவிட்டு, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தைப் பொருத்தினார்கள். 2014-ல் வந்த 5.0 முதல் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே அப்டேட் ஆகிறது. ஐபோனில் ஆரம்பத்தில் இருந்தது யூஐ வெப்வியூ. 2014-ல் ஐஓஎஸ் 8-உடன் டபிள்யூகே வெப்வியூ வந்தது. பழையதை வைத்துக் கட்டிய புது ஆப்களை ஏப்ரல் 2020 முதல் ஆப்பிள் ஏற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதும் நம்மைப் போன்றவர்களுக்குக் கார்டோவாவில் 'இன்ஆப் பிரவுசர்' என்று ஒன்று உண்டு. ரியாக்ட் நேட்டிவிலும் வெப்வியூ உண்டு. ஆனா மேலே சட்டை வேறு என்றாலும், அடியில் இருப்பது அந்தந்தப் போனின் அதே குட்டி பிரவுசர்தான்.

ஆப் வேறு, பக்கம் வேறு. ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு தனிக் குடித்தனம். அந்த அறைக்குள் பக்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஆப்புக்குத் தானாகத் தெரியாது. பிரவுசர்தான் அவ்வப்போது குரல் கொடுக்க வேண்டும்: "கிளம்பியாச்சு", "வந்துட்டேன்", "வழியிலே நின்னுட்டேன்". இந்தக் குரல்களைத்தான் நம் பாடத்தில் ஈவென்ட் என்கிறோம். எந்தெந்தச் சமயத்தில், என்ன பெயரில், என்ன தகவலோடு குரல் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் ஈவென்ட் வடிவமைப்பு. சுழலும் வட்டத்தை எப்போது நிறுத்துவது, 'இணைய இணைப்பு இல்லை' என்று எப்போது காட்டுவது, பணம் கட்டியாச்சு என்று எதை வைத்து நம்புவது, எல்லாமே இந்தக் குரல்களை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது ஒரு கல்யாணப் பந்திக்கு வாங்க. "பந்தி முடிஞ்சுதா?" என்று சமையல்காரர் கேட்டால், எல்லா இலைக்கும் பாயசம் போய்ச் சேர்ந்ததா என்று அர்த்தம். வாசலில் நிற்கிற அடுத்த பந்திக்காரர் கேட்டால், நாற்காலி காலியா என்று அர்த்தம். இலை எடுக்கிற ஆள் கேட்டால், எல்லாரும் எழுந்தாச்சா என்று அர்த்தம். கேள்வி ஒன்று, பதில் மூன்று. யாருக்கு முடிந்தது என்று சொல்லாமல் 'முடிந்தது' என்று மட்டும் கத்தினால், மோர் சாதத்துக்குக் கை நீட்டியவனின் இலையை உருவி விடுவார்கள்!

இணையப் பக்கமும் அப்படியே. முகவரியைக் கொடுத்ததும் பிரவுசர் முதலில் சர்வரைத் தேடிக் கண்டுபிடித்து இணைப்பு ஏற்படுத்துகிறது. சர்வர் சில சமயம், "இங்கே இல்லை, அங்கே போ" என்று வேறு முகவரிக்குத் திருப்பி விடும். பிறகு பதில் வர ஆரம்பிக்கிறது. அந்தக் கணத்தில்தான் பழைய பக்கத்தைக் கைவிட்டுப் புதிய பக்கத்துக்கு மாறுவது என்று பிரவுசர் உறுதி செய்கிறது. இதைக் கமிட் என்கிறார்கள். அதன்பின் எச்டிஎம்எல் முழுவதும் படிக்கப்பட்டு முடியும்போது பக்கத்துக்குள்ளே 'டாம் கன்டென்ட் லோடட்' என்ற குரல் எழும். படம், ஸ்டைல் எல்லாம் வந்து சேர்ந்தபின் 'லோட்' என்ற குரல். அதற்குப் பிறகும் இந்தக் காலத்துப் பக்கங்கள் சும்மா இருப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மறுபடி சர்வரிடம் போய் உண்மையான சரக்கைக் கொண்டுவந்து நிரப்பும். இதில் எந்த இடத்தில் "வந்தாச்சு" என்று சொல்வது?

ஆண்ட்ராய்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வெப்வியூவோடு 'வெப்வியூ கிளையன்ட்' என்ற வகுப்பை இணைத்தால், பக்கம் கிளம்பும்போது 'ஆன் பேஜ் ஸ்டார்ட்டட்', முடிந்தபோது 'ஆன் பேஜ் ஃபினிஷ்ட்' என்ற இரண்டு குரல்கள் வரும். இரண்டும் முதன்மைப் பக்கத்துக்கு மட்டும்தான். பக்கத்துக்குள் பதிந்த ஐஃப்ரேமுக்குத் தனியாக வராது. இது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஐபோனின் பழைய யூஐ வெப்வியூவில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 'முடிந்தது' வரும். நாலு விளம்பர ஃப்ரேம் இருக்கிற பக்கம் என்றால் ஐந்து முறை முடியும். எந்த முடிவு உண்மையான முடிவு என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியது ஆப் எழுதினவன் தலையெழுத்து.

ஆன் பேஜ் ஃபினிஷ்ட் வந்துவிட்டதே, திரையில் பக்கம் தெரியும் என்று நினைக்கிறீர்களா? கூகுளின் ஆவணமே அப்படி உறுதி இல்லை என்கிறது. இந்தக் குரல் வந்த அடுத்த நொடி வரையப்படும் திரை, பக்கத்தின் அப்போதைய நிலையைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதற்காகவே ஏபிஐ 23-ல், அதாவது 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-ல், வேறு இரண்டு வசதி சேர்த்தார்கள். ஒன்று 'ஆன் பேஜ் கமிட் விசிபிள்': முந்தைய பக்கத்தின் மிச்சம் இனிமேல் திரையில் வராது என்ற உறுதி. இன்னொன்று 'போஸ்ட் விஷுவல் ஸ்டேட் கால்பேக்': இப்போதைய நிலை வரையத் தயாரானதும் கூப்பிடு என்று நாமே கேட்டு வைப்பது. சுழலும் வட்டத்தை எடுக்க ஆன் பேஜ் ஃபினிஷ்ட் வரை காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். படிக்க வேண்டிய எழுத்து முழுவதும் திரைக்கு வந்திருக்கும். அடியில் ஏதோ ஒரு படம் வராததால் மேலே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரில் இருப்பவனுக்கு அந்த ஆப் என்றைக்குமே திறக்காத ஆப். அவனுக்குக் கமிட் விசிபிள் போதும்.

முன்னேற்றப் பட்டைக்கு 'ஆன் பிராக்ரஸ் சேஞ்ச்ட்' 0 முதல் 100 வரை ஒரு எண் தரும். ஐபோனில் 'எஸ்டிமேட்டட் பிராக்ரஸ்' 0 முதல் 1 வரை. பெயரிலேயே மதிப்பீடு என்று ஒத்துக்கொள்கிறார்கள். மொத்தம் எத்தனை சரக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரியாத வண்டி, பாதி வந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? மனசுக்கு ஆறுதல் கொடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

இனி தோல்விக்கு வருவோம். பலரும் படிக்காமல் தாண்டிப் போகிற பகுதி இதுதான். ஆண்ட்ராய்டில் பக்கம் வராமல் போனால் 'ஆன் ரிசீவ்ட் எரர்' வரும். வந்துவிட்டு? அதன் பின்னாலேயே ஆன் பேஜ் ஃபினிஷ்டும் வரும்! ஆமாம் நண்பர்களே, தோற்ற பக்கமும் 'முடிந்த' பக்கம்தான். பிரவுசரின் கணக்கில், பிழைப் பக்கத்தைக் காட்டி முடித்தாகிவிட்டது, வேலை முடிந்தது. ஆகவே ஃபினிஷ்ட் என்றால் வெற்றி என்று எழுதின ஆப், நெட்வொர்க்கே இல்லாத இடத்திலும் வெற்றி வெற்றி என்று கூவும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஏபிஐ 23-க்கு முன்பு ஆன் ரிசீவ்ட் எரர் முதன்மைப் பக்கத்துக்கு மட்டும் வந்தது. புதிய வடிவம் படம், ஐஃப்ரேம் என்று எந்தச் சின்னப் பொருள் வராவிட்டாலும் வரும். வந்த கோரிக்கை முதன்மைப் பக்கத்துடையதா என்று 'இஸ் ஃபார் மெயின் ஃப்ரேம்' மூலம் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காவிட்டால், ஒரு விளம்பரப் படம் வராததற்காக, நன்றாக வந்த பக்கத்தின் மேல் 'இணைப்பு இல்லை' என்று போர்வை போர்த்தி விடும் ஆப். இதே பெயரை வைத்துக்கொண்டே அர்த்தத்தை அகலப்படுத்தியது சரியான வடிவமைப்பு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வேலை மாறினால் பெயரும் மாற வேண்டும்.

404, 500 போன்ற சர்வர் பதில்களும் தனிக் கதை. சர்வரைப் பொறுத்தவரை "நீ கேட்டது இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அதனால் ஆன் ரிசீவ்ட் எரர் வராது. 'ஆன் ரிசீவ்ட் எச்டிடிபி எரர்' என்று தனியாக ஒன்றை ஏபிஐ 23-ல் சேர்த்தார்கள். ஐபோனிலும் 404 பக்கம் வெற்றிகரமாக 'முடிந்தது' என்றே வரும், பதில் வந்தவுடன் "இதை ஏற்கலாமா?" என்று கேட்கும் கட்டத்தில்தான் அந்த எண்ணைப் பார்க்க முடியும்.

இதெல்லாம் புரோகிராமர் தகராறு, நமக்கு என்ன என்று மற்றத் துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். விடுதியில் நடந்ததைக் கேளுங்கள். என் அறைத் தோழன் ஒரு ஆப் மூலம் தேர்வுக் கட்டணம் கட்டினான். எந்த ஆப் என்பது இங்கே தேவையில்லை. ஓடிபி போடுகிற சமயத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தது. கடைசியில் ஆப்பில் பெரிய பச்சை டிக், 'கட்டணம் பெறப்பட்டது'. அதைப் படம் பிடித்தும் வைத்துக்கொண்டான். கடைசித் தேதி கழிந்து பட்டியல் ஒட்டியபோது அவன் எண் இல்லை. அலுவலகத்தில் போய்ப் படத்தைக் காட்டினான்.

"தம்பி, பச்சை டிக்கெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. எங்க லிஸ்ட்ல பணம் வரல. உன் பேங்க்லயாவது காசு போயிருக்கா பாரு."

பார்த்தான். வங்கிக் கணக்கில் பணம் அப்படியே இருந்தது. அபராதத்தோடு மறுபடி கட்டினான். அந்த மாதம் மெஸ் பில்லுக்கு எங்கள் அறையில் மூன்று பேர் கை கொடுத்தோம். அபராதம் வாங்கிக்கொண்டு விட்டார்களே என்று மகிழ வேண்டியதுதான். விட்டிருக்காவிட்டால் ஒரு செமஸ்டர் போயிருக்கும்.

ஏன் இப்படி என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அதே ஆப்பில், அவன் போனிலேயே, வேறொரு சின்னக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தோம். வங்கிப் பக்கம் வந்ததும் வேண்டுமென்றே 'ரத்து' பட்டனை அழுத்தினேன். வங்கி எங்களைத் திருப்பி அனுப்பியது. ஆப்பில் பச்சை டிக்! ஒரு பைசா கொடுக்காமல் 'கட்டணம் பெறப்பட்டது'.

விஷயம் என்னவென்றால், பணம் செலுத்தும் வேலை முடிந்ததும் வங்கிப் பக்கம் நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு முகவரி முன்னாலேயே கொடுக்கப்பட்டிருக்கும். வெற்றியோ தோல்வியோ ரத்தோ, அதே முகவரிக்கே கொண்டுவந்து விடும் ஏற்பாடுகள் உண்டு. அந்த முகவரி முடிந்ததாகக் குரல் வந்தவுடன் டிக் போட்டுவிட்டது ஆப். பக்கம் வந்ததா என்பதற்குக் கிடைத்த பதிலை, பணம் வந்ததா என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்தது என்று சமையல்காரர் சொன்னதை, மொய் எழுதி முடிந்தது என்று எடுத்துக்கொண்ட மாதிரி!

பணம் வந்ததா என்ற பதில் பிரவுசரிடம் கிடையாது. அது கட்டண நிறுவனத்தின் சர்வரிடம் இருக்கிறது. ஆப் செய்யக்கூடியது, திரும்பு முகவரி வந்ததும் பிரவுசரை மூடிவிட்டுத் தன்னுடைய சர்வரிடம் "இந்த ஆர்டர் எண்ணுக்குப் பணம் வந்ததா?" என்று கேட்பது. அந்தச் சர்வர் கட்டண நிறுவனத்தின் சர்வரிடம் நேரடியாக உறுதி செய்துகொள்ளும். பதில் வரும்வரை மஞ்சள் நிறத்தில் 'சரிபார்க்கிறோம்' என்று காட்டினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பாதி வழியில் பயனாளர் பிரவுசரை மூடிவிட்டாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டு, திரும்பு முகவரி வராமலே நின்றுபோகவும் வாய்ப்பு இருக்கிறதே! அந்த நிலையில் 'தோல்வி, மறுபடி செலுத்தவும்' என்று காட்டும் ஆப், ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்ட வைக்கும்.

இதே இடத்தில் இன்னொரு கண்ணிவெடி. புதிய முகவரிக்குப் போகும் முன்பு ஆப்பிடம் அனுமதி கேட்க ஆண்ட்ராய்டில் 'ஷுட் ஓவர்ரைட் யூஆர்எல் லோடிங்' இருக்கிறது. திரும்பு முகவரியை இதில் பிடித்துவிடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனா போஸ்ட் முறையில் அனுப்பப்படும் கோரிக்கைகளுக்கு இது கூப்பிடப்படாது என்று ஆவணத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. வங்கிப் பக்கம் விவரங்களைப் போஸ்ட் படிவமாகத் திருப்பி அனுப்பினால், நம் வலைக்குள் அது விழவே விழாது. யூபிஐ ஆப்பைத் திறக்கும் இணைப்பு விஷயமும் கவனிக்க வேண்டியது. அது சாதாரண இணைய முகவரி இல்லாததால், நாம் இந்த அனுமதிக் கட்டத்தில் பிடித்து வெளி ஆப்புக்கு அனுப்பாவிட்டால், வெப்வியூ அறியாத முகவரி வகை என்று பிழை காட்டி நின்றுவிடும்.

இங்கே கவனியுங்கள், குரலில் இரண்டு ஜாதி இருக்கிறது. நடந்ததைச் சொல்வது ஒன்று. நடக்கலாமா என்று கேட்பது இன்னொன்று. டபிள்யூகே வெப்வியூ இதில் ஒழுங்கு. செய்தி சொல்பவை 'டிட்' என்று ஆரம்பிக்கும், அனுமதி கேட்பவை 'டிசைட் பாலிசி' என்று ஆரம்பிக்கும். பெயரைப் பார்த்தவுடனே பதில் சொல்ல வேண்டுமா, கேட்டுக்கொண்டால் போதுமா என்று தெரிந்துவிடும். கமிட்டுக்கு முன் தோற்றதற்கும் பின் தோற்றதற்கும் தனித்தனிக் குரல் வைத்திருப்பதும் அழகு. முன் தோற்றால் திரையில் பழைய பக்கம் அப்படியே இருக்கும்; பின் தோற்றால் பாதிப் பக்கம் இருக்கும். ஆப் செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு வேறு. ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே பயனாளர் இன்னொரு இணைப்பைத் தட்டினால், முதல் பயணம் ரத்தாகி, மைனஸ் 999 என்ற எண்ணோடு தோல்வியாக வரும். அதைப் பார்த்துப் பயந்து 'பிழை' என்று கத்துகிற ஆப்கள் உண்டு. அது பிழை இல்லீங்க, மனசு மாறினது.

இத்தனையும் படித்தபின், எங்கள் புராஜெக்டில் வெப்வியூவின் மேல் ஒரு சின்ன அடுக்கு எழுதி, எங்களுக்கு வேண்டிய குரல்களை நாங்களே வடிவமைத்தோம். அதன் முதல் விதி: ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு எண். பஸ் டிக்கெட் மாதிரி. முகவரியை அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வழியில் திருப்பிவிட்டால் முகவரி மாறிவிடும், கடைசியில் ஒரு சாய்கோடு சேர்ந்தாலே ஒப்பீடு பொய்த்துவிடும். ஒரே பக்கத்தை இரண்டு முறை புதுப்பித்தால் எது எதனுடைய முடிவு என்று தெரியாது. டபிள்யூகே வெப்வியூ ஒவ்வொரு பயணத்துக்கும் 'டபிள்யூகே நேவிகேஷன்' என்ற பொருளைக் கையில் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டின் ஸ்டார்ட்டட், ஃபினிஷ்ட் இரண்டிலும் முகவரி மட்டுமே வருவதால் எண்ணை நாங்களே போட்டோம்.

இரண்டாவது, தொடங்கிய ஒவ்வொரு பயணத்துக்கும் முடிவு ஒன்றே ஒன்று. இதில்தான் எங்கள் குழுவுக்குள் சண்டை. 'முடிந்தது', 'தோற்றது' என்று இரண்டு போதும் என்று ஒருவன். 'கைவிடப்பட்டது' தனியாக வேண்டும் என்று நான். குரோமின் 'கஸ்டம் டேப்ஸ்' ஏற்பாட்டில் தொடங்கியது 1, முடிந்தது 2, தோற்றது 3, கைவிடப்பட்டது 4 என்று எண் கொடுத்து வைத்திருப்பதைக் காட்டியபின் வழிக்கு வந்தான். ரியாக்ட் நேட்டிவ் வெப்வியூவில் உள்ள ஏற்பாடும் எனக்குப் பிடிக்கும். வெற்றி என்றால் 'ஆன் லோட்', தோல்வி என்றால் 'ஆன் எரர்', எதுவானாலும் கடைசியில் 'ஆன் லோட் எண்ட்'. வட்டத்தை நிறுத்த எண்ட் போதும். உள்ளடக்கத்தைத் தொட லோட் வேண்டும். கார்டோவாவின் இன்ஆப் பிரவுசர் 'லோட் ஸ்டார்ட்', 'லோட் ஸ்டாப்', 'லோட் எரர்' என்கிறது. ஃபினிஷ் என்று பெருமையடிக்காமல் ஸ்டாப் என்று சொன்னது நேர்மையான வார்த்தை. நின்றுவிட்டது, அவ்வளவுதான், ஊர் வந்து நின்றதா, பஞ்சராகி நின்றதா என்று இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

குரலோடு வரும் தகவலாகப் பயண எண், நாம் கேட்ட முகவரி, போய்ச் சேர்ந்த முகவரி, சர்வர் சொன்ன எண், தட்டியது பயனாளரா பக்கமே தாவியதா, இவ்வளவும் வைத்தோம்.

அடுத்தது லேட்டாக வருகிறவன் பிரச்சினை. குரல் ஒரு முறைதான் ஒலிக்கும். பஸ் போனபின் ஸ்டாப்புக்கு வந்தவன், பஸ் இன்னும் வரவில்லை என்று மணிக்கணக்கில் நிற்பான். ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பிப் பிடித்தாலே திரை அழிந்து மறுபடி உருவாகும். புதிதாகப் பிறந்த திரைக்கு, தான் பிறக்கும் முன் ஒலித்த 'முடிந்தது' கேட்டிருக்காது. ஆகவே குரல் மட்டும் போதாது, "இப்போது நிலை என்ன?" என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கும் வசதியும் வேண்டும். புதிதாகச் சேருபவனுக்குக் கடைசி நிலையை உடனே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

வரவே வராத குரலுக்கு என்ன செய்வது? ஆண்ட்ராய்டு வெப்வியூவில் பக்கத்துக்கு இத்தனை விநாடி என்று கெடு வைக்கும் அமைப்பு கிடையாது. நாமே ஒரு கடிகாரம் வைக்க வேண்டும். நாங்கள் 20 விநாடி வைத்தோம். ஆனா 20 ஆனதும் பயணத்தைக் கொன்றுவிடவில்லை. 'தாமதமாகிறது, காத்திருக்கவா?' என்று கேட்கிறோம். மெதுவான நெட்வொர்க் என்பது குற்றம் இல்லையே.

முடிந்தபின் சாகும் பக்கமும் உண்டு. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல், பக்கத்தை வரையும் வேலை தனி ப்ராசஸில் நடக்கிறது. நினைவகம் குறைந்த போனில் அது கொல்லப்பட்டால் 'ஆன் ரெண்டர் ப்ராசஸ் கான்' வரும். அதை நாம் கவனிக்காமல் விட்டால் ஆப்பும் கூடவே விழும். ஐபோனில் ஆப் விழாது, வெள்ளைத் திரை மட்டும் நிற்கும். எனவே 'முடிந்தது' என்பதற்கு அப்புறமும் 'இறந்தது' என்று ஒரு குரலை எங்கள் அடுக்கில் சேர்த்தோம். பெயரைக் கேட்டு வழிகாட்டி ஆசிரியர் சிரித்தார். "வேற நல்ல பேரா வைங்கப்பா" என்றார். இதுவரை கிடைக்கவில்லை.

ஒரே பக்கத்துக்குள்ளேயே முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டு உருமாறும் ஒற்றைப்பக்கத் தளங்கள் மிச்சம். 'புஷ் ஸ்டேட்' மூலம் முகவரி மாறும்போது புதிய பக்கம் கிளம்பவே இல்லை. அதனால் ஸ்டார்ட்டட் வராது. ஆண்ட்ராய்டில் 'டூ அப்டேட் விசிட்டட் ஹிஸ்டரி'யையும், ஐபோனில் முகவரிப் பண்பையும் கவனித்தால் மாற்றம் தெரியும். ஆனா உள்ளே சரக்கு வந்து நிரம்பியதா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. பக்கம் நம்முடையது என்றால், அதுவே "தயார்" என்று ஆப்புக்குச் சொல்லும்படி எழுதிவிடலாம். அடுத்தவர் பக்கம் என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஸ்டார்ட்டட், ஃபினிஷ்ட் போன்ற குரல்கள் திரையை வரையும் அதே திரெட்டில் வருகின்றன. அதற்குள் பெரிய வேலை செய்தால் திரை உறைந்துவிடும். குறித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

சோதனை செய்ய வேகமான வைஃபை உதவாது. அதில் எல்லாக் குரலும் ஒரே நொடியில் வந்து வரிசையே தெரியாது. நாங்கள் நாலு பக்கம் தயாரித்து வைத்தோம். ஒன்றில் எழுத்து உடனே வரும், படம் மட்டும் அரை நிமிடம் கழித்து வரும். ஒன்று மூன்று முறை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும். ஒன்று 500 என்று பதில் சொல்லும், ஆனா அழகான பக்கமும் காட்டும். கடைசியானது போஸ்ட் படிவத்தால் திரும்பி வரும் போலி வங்கிப் பக்கம். 'வெற்றி', 'தோல்வி', 'ரத்து' என்று மூன்று பட்டன், மூன்றும் ஒரே முகவரிக்கு. குரோம் இருக்கும் கணினியில் போனைக் கேபிளால் இணைத்து, ஆப்பில் 'செட் வெப் கன்டென்ட்ஸ் டீபக்கிங் எனேபிள்ட்' போட்டால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். நாலு பக்கமும் நம் ஆய்வகத்தில் ஜன்னலோரக் கணினியில் 'பக்கசோதனை' என்ற ஃபோல்டரில் இருக்கு. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவதாக ஒன்று செய்தால் அதையும் அங்கேயே போட்டு வையுங்க.